ஆபரேஷனுக்குப் பிறகு தெம்பு வர வேண்டாமா?



கொள்ளு ரசத்தைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பூண்டு எத்தனை பல், மிளகு எத்தனை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிறகு பதில் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தடவை ஒரே ஒரு கடிதம்தான். பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்தது. நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து, முன்னும் பின்னும் நெருக்கி எழுதியிருக்கிறாள். பேர் போட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் போடவில்லை.

வயது இருபத்தி நாலு. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாக நாள் தள்ளிப் போயிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஏழாவது வாரம் திடீரென்று வயிற்றுவலி, மயக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், கரு கர்ப்பப்பையில் இல்லை, குழாயில் தங்கி அது வெடித்துவிட்டது என்று சொல்லி, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்து இடது பக்கக் குழாயை எடுத்திருக்கிறார்கள். இது நடந்து ஐந்து வாரமாம்.

"தையல் ஆறிவிட்டது அக்கா. ஆனால் உடம்பு என் உடம்பாக இல்லை. அரைக் குடம் தண்ணீர் தூக்கினால் கை நடுங்குகிறது. மத்தியானம் மூணு மணிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. குழந்தையா பெத்தே, இப்படிப் படுத்துக் கிடக்க என்று அத்தை கேட்கிறாங்க. நான் சோம்பேறியாகிவிட்டேனா?"

தங்கச்சி, நீ சோம்பேறியாகவில்லை. இதை அடித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் வயிற்றிலும் அதே கத்தி பட்டிருக்கிறது.

இதுவரைக்கும் இதை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. கூச்சம்தான். 2019-ஆம் வருஷம் ஆனி மாசம். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பெரியவள் பிளஸ் டூ, சின்னவன் ஒன்பதாவது. 2005-லேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவள் நான். ஆகவே நாள் தள்ளிப் போனபோது "நாற்பதை எட்டுகிறோம், நிற்கிற காலம் வந்துவிட்டது போல" என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் போய், பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட ஆரம்பித்தது. வலது அடிவயிற்றில் ஊசியால் குத்துவது மாதிரி வலி. பக்கத்தில் ஒரு இடத்தில் காட்டினேன். வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்தவள் என்று நானே சொன்னதால் அவர்களும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. அதைவிட விசித்திரம், தோள்பட்டை உச்சியில் ஒரு வலி. வயிற்றில் கோளாறு என்றால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? உள்ளே கசிந்த இரத்தம் மேலே ஏறி உதரவிதானத்தை உறுத்தினால் அந்த வலி தோளில்தான் தெரியுமாம். இதெல்லாம் பிறகு டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் தொழுவத்துத் தூண் சுற்றியது ஒன்றுதான். 108 வண்டி வந்தது. பென்னாகரம் ரோட்டில் எங்கள் ஊரிலிருந்து தருமபுரி போகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். எனக்கு நினைவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றரை லிட்டர் இரத்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் மொத்தமே மூன்றேகால், மூன்றரை லிட்டர் இரத்தம்தான். அதில் பாதிக்குப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஒரு பாட்டில் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம் ஏறும். நான் உள்ளே போனபோது 6.4, வீட்டுக்கு வந்தபோது 8.1. ஒரு பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு இரத்த பலத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். மூன்று பேர் செய்கிற வேலையை இரண்டு பேரை வைத்துச் செய்தால் சாயங்காலம் அந்த இரண்டு பேரும் என்ன ஆவார்கள்? உன் கை நடுங்குவதும் கண் இருட்டுவதும் இதனால்தான், தங்கச்சி.

அந்த அத்தையை நான் முழுசாகக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு முறை இருக்கிறது. பூண்டு, காயம், மருந்துருண்டை, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்ட ஒரு ஆள், தலைக்குத் துணி, முப்பது நாற்பது நாள் ஓய்வு. தொட்டிலில் குழந்தை கிடக்கிறது, அதைப் பார்க்கிறவர்களுக்கு இவள் பச்சை உடம்புக்காரி என்று தெரிகிறது. குழாய்க் கர்ப்பத்தில் ஆபரேஷன் ஆனவளுக்குத் தொட்டிலில் காட்ட ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் விளக்குமாற்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சுகப் பிரசவம் ஆனவளைவிட இவள் இழந்த இரத்தம் அதிகமாக இருக்கலாம், வயிற்றில் வெட்டும் இருக்கிறது. ஆனால் இவளுக்கென்று ஒரு பத்தியத்தை நம் பாட்டிமார் ஏற்படுத்தி வைக்கவில்லை. எப்படி ஏற்படுத்துவார்கள்? அவர்கள் காலத்தில் இது வந்தவள் பிழைத்தால்தானே!

உண்மையாகவே சொல்கிறேன். 1883-ஆம் வருஷம் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் லாசன் டெய்ட் என்ற சர்ஜன், வெடித்த குழாயைக் கட்டி எடுத்தால் பெண் பிழைப்பாள் என்று செய்து காட்டினார். அதற்கு முன்னால் இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரத்தம் உள்ளேயே கசிந்து போய்விடுவார்கள். நம் ஊர்ப் பக்கம் "சூலை வந்து போயிட்டா" என்று சொல்கிற பழைய கதைகளில் எத்தனை இதுவாக இருக்குமோ, யார் கண்டது?

இது ஏதோ கோடியில் ஒருத்திக்கு வருவதுமில்லை. நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ இப்படி இடம் மாறித் தங்குகிறது. அதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில்தான். குழாய் என்ன பெரிதாகவா இருக்கிறது? நாலு அங்குல நீளம், சன்னமான வழி. கருவுற்ற முட்டை அதன் வழியாகக் கர்ப்பப்பைக்கு நகர்ந்து போக வேண்டும். பழைய கிருமித் தொற்றினாலோ, முன்பு செய்த ஆபரேஷனாலோ வழி சுருங்கியிருந்தால் நடுவிலேயே ஒட்டிக்கொள்கிறது. பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. கனமான குடம் தூக்கினதால், பஸ்ஸில் போனதால், பப்பாளி சாப்பிட்டதால் வருகிறது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ செய்த எதனாலும் இது வரவில்லை.

இனி தெம்புக்கு வருவோம்.

முதலில் மாத்திரை. சாப்பாட்டிலேயே சரிப்படுத்திவிடலாம் என்று நானும் நினைத்தேன். முருங்கைக்கீரையாகத் தின்றேன். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நூறு கிராம் கீரையில் ஐந்தாறு மில்லிகிராம் இருந்தாலே பெரிது, அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். இழந்தது ஒன்றரை லிட்டர் என்னும்போது கீரையை மட்டும் நம்பினால் அடுத்த ஆடி வந்துவிடும். கீரை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையோடு கீரை.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சிலருக்குக் குமட்டும், மலச்சிக்கல் வரும். எனக்கு இரண்டும் வந்தது. நாலு நாள் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மாடத்தில் வைத்துவிட்டேன். மறுபடி பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்த உடனே, "மாத்திரையை யாருக்குக் கொடுத்தீங்க, மாட்டுக்கா?" என்றார். ராத்திரி படுக்கப் போகும்போது சாப்பிடச் சொன்னார். அதில் குமட்டல் குறைந்தது. சிலருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடச் சொல்கிறார்கள், அப்படிச் சாப்பிட்டால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்கிறது, வயிறும் கெடுவதில்லை என்று இப்போது கண்டிருக்கிறார்கள். உன் டாக்டரைக் கேட்டுச் செய். மாத்திரையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், இரத்தம் ரொம்பக் குறைந்தவர்களுக்கும் ஊசி வழியாக நரம்பில் இரும்பு ஏற்றுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் எங்கே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வார்கள்.

மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது. இது நம் மாவட்டத்து வியாதி, காலை ஐந்து மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. டீயும் காப்பியும் இரும்பைப் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் பிடித்து நிறுத்திவிடும். டீயை விடச் சொல்லவில்லை, என்னாலேயே முடியாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. பாலும் சுண்ணாம்பு மாத்திரையும் அப்படித்தான். அவற்றை வேறு வேளைக்கு வைத்துக்கொள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா, பச்சைத் தக்காளிப் பச்சடி, இவையெல்லாம் இரும்பைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போகிறவை. பாலக்கோட்டில் இருந்துகொண்டு தக்காளிக்குப் பஞ்சமா?

கேழ்வரகைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. களி தின்று வளர்ந்தவர்கள் நாம், "களி இருக்கக் கவலை என்ன" என்பார் என் மாமனார். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அபாரம், நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம். எலும்புக்கு நல்லது. இரும்பும் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள துவர்ப்புச் சத்தும் மற்றவையும் அந்த இரும்பை எளிதில் விடுவதில்லை. முளைகட்டி மாவாக்கினாலும், கூழாகக் கரைத்துப் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளர்கிறது. நம் பாட்டிமார் கூழைப் புளிக்க வைத்தது சும்மா இல்லை பாருங்கள். ஆகவே கூழ் குடி, களியும் தின், ஆனால் மாத்திரையை அந்த வேளையில் சாப்பிடாதே.

அசைவம் சாப்பிடுகிற வீடாக இருந்தால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ வாங்கி நன்றாக வேகவைத்துச் சாப்பிடு. இறைச்சியில் உள்ள இரும்பு உடம்பில் சட்டென்று சேரும். இன்னொரு கர்ப்பத்துக்குத் தயாராகும் காலத்தில் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள். சைவமானால் தட்டைப்பயறு, கொள்ளு, கடலை, கீரை, எள்ளு. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்கும், பருப்பு கொடுத்தால் தையல் பிரியும் என்று சொல்லி வெறும் ரசஞ்சோறும் இட்லியுமாகப் போடுகிறார்கள். என் ஓரகத்தியும் நல்ல மனசோடுதான் அப்படிப் போட்டாள். பத்து நாள் தின்றேன். பிறகு டாக்டரம்மா, "கட்டடம் கட்டச் சொல்லிட்டு செங்கல்லைத் தடுக்கிறீங்களே" என்று கேட்டார். அன்றைக்கே இரண்டு முட்டை வேகவைக்கச் சொன்னேன். சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் பேரீச்சம்பழம், வெல்லம் போட்ட எள்ளுருண்டை சாப்பிடலாம். ஆனால் பீட்ரூட் சாறு சிவப்பாக இருப்பதாலேயே இரத்தமாகிவிடாது. அதற்காகத் தனியாகக் காசு செலவழிக்காதே.

காட்டு வேலைக்குச் செருப்பில்லாமல் போகிறவர்கள் பூச்சி மாத்திரை வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கிப்புழு வயிற்றில் இருந்தால் மேலே ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகும் குடம்தான். இந்தியாவில் 2019-21-இல் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. ஆபரேஷனுக்கு முன்பே பாதிக் குடத்தோடு இருந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு மாசத்தில் 9.6. இரண்டாம் மாசம் 11. மூன்று மாசம் கழித்து 12-ஐத் தொட்டது. தொட்டதும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். விடவில்லை. இரத்தத்தில் ஏறினாலும் உடம்பின் சேமிப்பு இன்னும் காலியாகவே இருக்குமாம், அது நிரம்ப மேலும் மூன்று மாசம் சாப்பிட வேண்டும் என்றார்கள். ஆகமொத்தம் ஆறு மாசம். ஐந்து வாரத்தில் நீ ஓடவில்லையே என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டு.

வேலை விஷயம். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப் முறையில் செய்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான வீட்டு வேலைகளுக்குத் திரும்பலாம், ஆனால் இரத்தம் போனது போனதுதான். வெளியே தையல் சின்னது என்பதால் உள்ளே தெம்பு வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பிளாஸ்டிக் குடம் ஒன்று நிறைந்தால் பன்னிரண்டு பதினைந்து கிலோ. அதை இடுப்பில் வைத்தால் இழுபடுவது எது? அதே வயிற்றுச் சதைதான். அது மட்டுமில்லை. மாவாட்டும் கல்லை நகர்த்துவது, நனைந்த போர்வையைப் பிழிவது, மாட்டைப் பிடித்து இழுப்பது எல்லாம் கனம்தான். பொம்பிளைகளைக் கேட்டால் "நான் கனமா எதையும் தூக்கலியே" என்பார்கள்!

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. படுத்துக் கிடந்தால் காலில் இரத்தம் உறையும், சதை இன்னும் வற்றும். ஆஸ்பத்திரியில் மறுநாளே என்னை எழுப்பி நடக்க விட்டார்கள், திட்டிக்கொண்டேதான் நடந்தேன். எழுந்திருக்கும்போது மல்லாந்தபடி எழாதே, ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழு. இருமும்போது தும்மும்போது ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் வாரம் வாசலிலிருந்து வேப்ப மரம் வரைக்கும். இரண்டாம் வாரம் மாரியம்மன் கோயில் வரைக்கும். அப்புறம் பஸ் நிறுத்தம். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவளோடு ஊர்க்கதை பேச முடிகிறதா என்று பார், பேச்சு முட்டினால் நின்றுவிடு. ஒரு நாள் தெம்பாக இருக்கிறது என்று இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்யாதே. நான் செய்தேன். நாலாவது வாரம் ஒரு காலையில் உற்சாகமாக இருக்கவே, பரணை ஒழித்து, பாத்திரமெல்லாம் துலக்கி, சின்னவன் சட்டைகளைத் துவைத்தேன். அடுத்த மூன்று நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடமாட்டம். மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும், அது கணக்கில் எழுதப்பட்ட வேலை என்று வைத்துக்கொள்.

என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் களி கிண்டக் கற்றுக்கொண்டார். முதல் நாள் கட்டி கட்டியாக, நடுவில் மாவு அப்படியே வெள்ளையாக இருந்தது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் நன்றாகவே வந்தது. இப்போது கேட்டால் துடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாத மாதிரி நடிக்கிறார்.

மனசைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், மூன்றாவது வேண்டும் என்ற எண்ணம் கனவிலும் இல்லை. ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரத்தில் ஆடிப் பதினெட்டு வந்தது. ஊரே ஒகேனக்கல்லுக்குக் கிளம்பியது. புதுத் தாலிக்கயிறு, மஞ்சள், காதோலை கருகமணி என்று எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போக, நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என்னமோ தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன். வேண்டும் என்று நினைக்காத ஒன்றுக்கே எனக்கு அப்படியென்றால், இரண்டு வருஷம் காத்திருந்த உனக்கு எப்படி இருக்கும்? கர்ப்ப காலத்து ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதாலும் அழுகை வரும், தூக்கம் கெடும். ஆனால் எல்லாவற்றையும் ஹார்மோன் மேல் போட்டுவிடாதே. அது உன் குழந்தை, நீ அழலாம். மாசக்கணக்கில் ஒன்றிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடும் தூக்கமும் இல்லாமல், இருந்து என்ன என்று தோன்றினால் மட்டும் அதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். அதுவும் வைத்தியம் உள்ள விஷயம்தான்.

உன் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடு. இரத்தப்போக்கு நின்று, ஆறு வாரப் பரிசோதனை முடிந்து, உனக்கு மனசு ஒப்பும் வரை அவர் பொறுத்திருக்க வேண்டும். மாதவிலக்கு நாலிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பும், முதல் தடவை கொஞ்சம் அதிகமாகவும் படலாம்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், தையலில் சீழ், துர்நாற்றமுள்ள போக்கு, அதிக இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு முட்டுவது, மறுபடி வயிற்றுவலியோடு மயக்கம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போய்விட வேண்டும். உன் இரத்தப் பிரிவு நெகடிவ் வகையா என்று சீட்டில் பார்த்துக்கொள். நெகடிவ் என்றால் அடுத்த குழந்தையைக் காக்க ஆன்டி-டி ஊசி போட்டிருக்க வேண்டும், போட்டார்களா என்று கேள். குழாயை எடுக்காமல் கருவை மட்டும் எடுத்தவர்கள், ஹெச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனையை அளவு முழுசாக இறங்கும் வரை விடாமல் செய்துகொள்ள வேண்டும். வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்தால் கத்தியே இல்லாமல் மெதோட்ரெக்ஸேட் ஊசியால் கரைக்கிறார்கள், 1982-ல் ஜப்பானில் ஆரம்பித்த வைத்தியம். அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் மூன்று மாசமாவது அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

நீ கேட்காமல் கேட்டிருக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில் எழுதி அடித்துவிட்டிருக்கிறாய், ஆனாலும் படிக்க முடிகிறது. "ஒத்தைக் குழாய்க்காரிக்கு இனிமேல் என்ன" என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவருக்குத் தெரியாது. இன்னொரு குழாய் நல்லபடியாக இருந்தால் போதும். இப்படி ஆபரேஷன் ஆனவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒன்றரை, இரண்டு வருஷத்துக்குள் தாமாகவே கர்ப்பமாகிறார்கள். அந்தப் பக்கச் சூலகத்திலிருந்து வரும் முட்டையை இந்தப் பக்கக் குழாய் எட்டிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. இரண்டு மூன்று மாதவிலக்கு போகட்டும், இரத்தமும் ஏறட்டும், ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிக்கொள். மறுபடி குழாயில் தங்க நூற்றுக்குப் பத்து வாய்ப்பு இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆகவே அடுத்த தடவை நாள் தள்ளியதும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே. ஆறாவது ஏழாவது வாரமே ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடு. அதன் பிறகு ஊருக்குச் சொல்லலாம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் நல்ல ஆபரேஷன்தான். அது தவறிப் போவது அபூர்வம். ஆனால் அபூர்வமாகத் தவறி நிற்கும் கர்ப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குழாயில்தான் தங்குகிறது. நாள் தள்ளி, அடிவயிறு ஒரு பக்கமாக வலித்தால் "நான் கட்டுப்பாடு பண்ணினவ" என்று சும்மா இருந்துவிடாதீர்கள், கூச்சமும் படாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனை ஐந்து நிமிஷ வேலை. எனக்கு யாராவது முன்னால் சொல்லியிருந்தால் தொழுவத்தில் விழுந்திருக்க மாட்டேன்.

தங்கச்சி, கடைசியாக உன் குடத்துக்கு வருகிறேன். இன்னும் ஒரு வாரம் போகட்டும். ஆறு வாரப் பரிசோதனையில் டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, முதலில் சின்னச் சொம்பு இரண்டு. பிறகு கால் குடம், ஒரு வாரம் கழித்து அரைக் குடம். முழுக் குடம் இடுப்பில் ஏற எனக்கு ஆவணி கடைசி ஆனது. குழாயடியில் நின்ற பெண்கள், "என்னக்கா, தூக்கிடுவீங்களா?" என்று வரிசையை விட்டு விலகிப் பார்த்தார்கள். பாதித் தண்ணீர் புடவையில்தான் கொட்டியது. மீதியில் காப்பி போட்டேன்.

இரத்தப் பரிசோதனை சீட்டில் என்ன எண் வந்திருக்கிறது என்று எனக்கு எழுது. அத்தை ஏதாவது சொன்னால் அதையும் எழுது. கொள்ளு ரசத்துக்குப் பூண்டு ஏழெட்டுப் பல்.